நான்கு விநாடி

"சூறையைக் கெடுத்துட்டாங்க, கோச்."

முனிரத்தினம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவருகிலேயே நின்று சொன்னான்.

தபசும் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆம்பூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் இருந்தது அந்த அறை. ஒரு நீள மேசை, ஐந்து நாற்காலி, ஐந்து சார்ஜர். 'ஐவர் களம்' என்ற மொபைல் கேமில் மாநில இறுதிப்போட்டி வரை வந்துவிட்ட ஓர் அணி அங்கேதான் பயிற்சி எடுத்தது. தபசும் அதன் கோச். வயது இருபத்துநான்கு. இரண்டு முறை தேசியப் போட்டியில் ஆடியவள். குறைவாகப் பேசுவாள்.

முனிரத்தினத்துக்கு முப்பத்துநான்கு. காலை ஆறு மணி முதல் கூரியர் கிடங்கில் பார்சல் பிரிப்பான். இரண்டு மணிக்கு மேல் இங்கே வந்து அவளிடம் கற்றுக்கொள்வான். அவள் அவனை அண்ணா என்பாள். அவன் அவளைக் கோச் என்பான்.

ஆட்டம் புரிந்துகொள்ள எளியது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவே மூன்று பாதைகள். பாதை நெடுகக் காவல் டவர்கள். கடைசியில் கோட்டை. எதிரியின் கோட்டையை முதலில் உடைக்கும் அணி ஜெயிக்கும்.

ஒவ்வொருவரும் ஒரு ஹீரோவை எடுத்து ஆட வேண்டும். முனிரத்தினம் மூன்று வருடமாக எடுத்தது ஒரே ஒருத்தியைத்தான். அவள் பெயர் சூறை. தூரத்திலிருந்து பாய்ந்து, சுற்றி நிற்கிற எல்லோரையும் ஒரே இடத்துக்கு இழுத்துப் போடுவாள். மிச்சத்தை மற்ற நால்வரும் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று காலை கேமுக்கு ஒரு அப்டேட் வந்திருந்தது. அதில் சூறையின் இழுப்பு எட்டடியிலிருந்து ஐந்தடியாகக் குறைந்துவிட்டது.

இறுதிப்போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முனிரத்தினம் எல்லாவற்றையும் கொட்டினான். எட்டடி என்றால் எதிரி தப்ப முடியாது. ஐந்தடி என்றால் அவன் ஒரு காலடி பின்னால் வைத்தால் போதும். சூறையோடு இரண்டாயிரம் ஆட்டம் ஆடியிருக்கிறான். இனி புது ஹீரோவைப் பழக அவன் விரல்கள் ஜெபசீலனின் விரல்கள் இல்லை. ஜெபசீலன் அணியின் வில்லாளி, அவனுக்கு இருபது வயது. முனிரத்தினம் தன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டான்.

தபசும் டஸ்டரைக் கீழே வைத்தாள்.

"அந்த அப்டேட்ல மொத்தம் எத்தனை வரி?"

அவனுக்குத் தெரியவில்லை.

"படிச்சுட்டு வாங்கண்ணா."

*

மறுநாள் படித்துவிட்டு வந்தான். நாற்பத்துமூன்று வரி. யாருக்குப் பலம் கூடியது, யாருக்குக் குறைந்தது, எந்தப் புதர் நீண்டது, காட்டு மிருகம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று வரிசையாகச் சொன்னான். அவள் கடைசி வரை கேட்டாள்.

இதில் தனக்கு ஒன்றும் இல்லை என்று முடித்தான்.

"உங்களைப் பத்தி ஒரு வரி," என்றாள் தபசும். "மீதி நாப்பத்திரண்டு?"

அவன் போனை மறுபடி திறந்தான்.

அன்றைய பயிற்சியில் அவனுக்கு ஒரு நிபந்தனை போட்டாள். சூறையையே எடுக்க வேண்டும். ஆனால் பாயக் கூடாது. இழுக்கவும் கூடாது.

ஜெபசீலன் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு, இது பயிற்சியா விளையாட்டா என்று கேட்டான்.

"மூணு ஆட்டம்," என்றாள்.

முதல் ஆட்டம் தோற்றார்கள். இரண்டாவதும் தோற்றார்கள். மூன்றாவதும் தோல்விதான். ஆனால் அது முப்பது நிமிடம் இழுத்தது.

மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

முதல் இரண்டு ஆட்டங்களில் அவன் பெருவிரல் பட்டனைத் தேடித் தேடித் துடித்தது. மூன்றாவதில் அலுத்துப்போய் அடங்கியது. அப்போதுதான் திரையைப் பார்த்தான். எதிரணியின் வில்லாளி அம்பை விடாமல் வைத்திருந்தான். கேடயக்காரி கேடயத்தைத் திறக்காமல் வைத்திருந்தாள். ஐந்து பேரும் சூறையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அவள் பாய்வதற்காகத் தங்கள் நல்ல ஆயுதங்களை எல்லாம் பிடித்துவைத்திருந்தார்கள். அவள் பாயவில்லை. அவர்களும் அசையவில்லை. அந்த நேரத்தில் ஜெபசீலன் பக்கத்துப் பாதையில் இரண்டு டவர்களைச் சாய்த்திருந்தான்.

"என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, கோச்."

"எப்பலேருந்து?"

அவன் யோசித்துப் பார்த்தான். மூன்று வருடமாக என்றுதான் தோன்றியது. பாய்கிற அவசரத்தில் கவனித்ததில்லை.

*

ஐந்தாம் நாள், கிடங்கில் பார்சல்களுக்கு நடுவே நின்றபோது முப்பத்தோராவது வரி அவன் நினைவில் வந்து மாட்டிக்கொண்டது. யாரும் பேசாத வரி. ரீகால் நேரம் ஆறு விநாடியிலிருந்து நான்காகக் குறைந்திருக்கிறது.

ரீகால் என்பது வீடு திரும்பும் பட்டன். அதை அழுத்தினால் ஹீரோ நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்பான். அவனைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளி எழும். நேரம் முடிந்ததும் மறைந்து, தன் கோட்டைக்குள் போய் முளைப்பான். நடுவில் ஓர் அடி பட்டாலும் ஒளி அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அழுத்த வேண்டும்.

முனிரத்தினம் மாடியேறி வந்ததும் அதைத்தான் கேட்டான். இந்த இரண்டு விநாடி யாருக்கு லாபம்?

"தெரியாதுண்ணா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

"நிஜமாவே தெரியாதா?"

"அப்டேட் வந்து அஞ்சு நாள் ஆகுது. எனக்கும் அஞ்சு நாள்தான் ஆகுது."

இத்தனை நாள் அவன் அவளிடம் விடை இருக்கிறது என்று நம்பி வந்தவன். அவளும் தன்னைப் போலத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று தெரிந்ததும், அன்று முதல்முறையாக அந்த அறையில் தனக்கும் இடம் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவன் ஆடும்போது வாய் முணுமுணுத்தது. எதிரி ஒளிக்குள் நிற்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். இரண்டு நாளில் ஒன்று பிடிபட்டது. முன்பெல்லாம் ஆறு விநாடி என்பதால் புதருக்குள்ளோ சுவருக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டுதான் ரீகால் போடுவார்கள். இப்போது நான்குதானே என்று வெட்டவெளியிலேயே போட்டார்கள். எதிரியின் கண் முன்னாலேயே போட்டார்கள். மிகப் பக்கத்திலேயே போட்டார்கள்.

ஓடுகிறவனுக்கு ஐந்தடி போதாது. நிற்கிறவனுக்குப் போதும்.

கோச்சிடம் சொன்னான். செய்து காட்டச் சொன்னாள். நான்கு முறை முயன்றான். நான்கு முறையும் ஒன்றிலோ இரண்டிலோ பாய்ந்தான். சூறை காலை எடுத்ததைப் பார்த்ததுமே எதிரிகள் ரீகாலை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நான்கு முறையும் சூறை செத்தாள்.

அன்று ஜெபசீலன் எல்லோர் முன்னாலும் பேசிவிட்டான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அப்டேட்டில் பலம் கூடிய ஹீரோக்களை நன்றாக ஆடும் ஒருவர் வேலூரில் இருக்கிறார், கேட்டால் வருவார், ஜெயிக்க வேண்டும் என்றால் இப்போதே முடிவெடுக்க வேண்டும் என்றான். முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் அதையே சொன்னவன் அவன்தான். ஆனால் இப்போது அது கேட்கக் கசந்தது.

போட்டி நடத்துபவர்களுக்கு அன்று பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டும். தபசும் பலகையில் ஐந்து பெயர்களை எழுதினாள். முதல் பெயர் முனிரத்தினம். இரண்டாவது ஜெபசீலன்.

பேனாவை மூடிவிட்டு, ஆட்டத்தை ஆரம்பிக்கச் சொன்னாள்.

*

இறுதிப்போட்டி சென்னையில், ஒரு கண்காட்சி அரங்கத்தில் நடந்தது. எதிரில் கோயம்புத்தூர் அணி. அப்டேட்டில் பலம் கூடிய ஐந்து ஹீரோக்களையும் அவர்கள் பன்னிரண்டு நாளில் கரைத்துக் குடித்திருந்தார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். அணிக்கு ஒன்று ஆகியிருந்தது. மூன்றாவது ஆட்டம் மிச்சம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் கோச் மேடையில் இருக்கக் கூடாது. தபசும் கீழே, மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டாம் நிமிடத்தில் ஆம்பூர் அணியின் மூன்று பாதைகளிலும் டவர் இல்லை. கோட்டை மட்டும் மிச்சம். எதிரணிக்கும் கீழ்ப் பாதையில் டவர் மிஞ்சவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் ஐந்து பேரும் நடுப் பாதையில் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். கடைசி நடை அது.

மோதிப் பார்த்துவிடலாம் என்றான் ஜெபசீலன்.

முனிரத்தினம் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க நாலு பேரும் கீழ்ப் பாதையில போய் அவங்க கோட்டையை உடைங்க."

"நீங்க?"

"நான் இங்க இருக்கேன்."

ஜெபசீலன் தலையைத் திருப்பி அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு போனான். மற்ற மூவரும் அவன் பின்னால் போனார்கள்.

சூறை மட்டும் நடுப் பாதையில் இறங்கி வந்து ஐந்து பேருக்கு எதிரே நின்றாள்.

அவர்கள் நின்றார்கள்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அடித்திருந்தால் அவள் ஒரு விநாடிகூடத் தாங்கியிருக்க மாட்டாள். ஆனால் அவள் பின்னால் இருந்த புதரில் மற்ற நால்வரும் இருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவள் பாயட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் ஓர் எட்டு முன்னால் வைத்தாள். ஓர் எட்டு பின்னால் வைத்தாள். அவர்களும் அப்படியே செய்தார்கள். அரங்கத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அப்படிப் பதினோரு விநாடி போனது.

பிறகு அவர்கள் திரையில் எச்சரிக்கை மணி அடித்தது. கோட்டை அடிபடுகிறது.

ஐந்து பேரும் ஒன்றாக ரீகாலை அழுத்தினார்கள். வெட்டவெளியில், தோளோடு தோள் இடிக்க. ஐந்து வெள்ளை ஒளி எழுந்தது.

ஒன்று.

முனிரத்தினத்தின் பெருவிரல் பட்டனுக்கு மேல் இருந்தது. அது துடிக்கவில்லை.

இரண்டு.

சூறை ஒரு காலடி நெருங்கினாள். யாரும் ஒதுங்கவில்லை.

மூன்று.

பாய்ந்தாள். ஐந்து ஒளியும் ஒரே இடத்தில் குவிந்து அணைந்தன.

அவர்கள் அவளை அடித்துக் கொன்றார்கள். உடனே மறுபடி ரீகாலை அழுத்தினார்கள். அவர்களுக்கு இன்னும் நான்கு விநாடி தேவைப்பட்டது. அவர்கள் கோட்டைக்கு இரண்டுதான் மிச்சமிருந்தது.

முனிரத்தினத்தின் திரை சாம்பல் நிறமாக இருந்தது. செத்த ஹீரோவின் திரை அப்படித்தான் இருக்கும். அந்தச் சாம்பலுக்குள்ளேயே கோட்டை வெடிப்பதைப் பார்த்தான்.

ஜெபசீலன் ஹெட்போனைக் கழற்ற மறந்து ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். வயர் இழுத்து, மேசையிலிருந்த போன் தரையில் விழுந்தது. இரண்டு பேருமே அதைக் குனிந்து பார்க்கவில்லை. நாளைக்கும் நீங்கள் சொல்லுங்கள், நான் செய்கிறேன் என்று அவன் காதருகில் சொல்லிக்கொண்டிருந்தான்.

தபசும் மேடைக்கு வந்தாள். கோப்பையை வாங்க எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு நாற்காலியை இழுத்து முனிரத்தினத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள். பேனா மூடியைத் திறந்தாள். பயிற்சியில் அவன் மற்ற நால்வரோடு உட்கார்ந்து குறிப்பெடுப்பது போலவே இருந்தது அவள் உட்கார்ந்த விதம்.

முனிரத்தினம் எழுந்திருக்கப் பார்த்தான். கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"ஒரு சந்தேகம்ணா. ரெண்டுல பாஞ்சப்பல்லாம் ஒதுங்கிட்டாங்க. மூணுல ஏன் ஒதுங்கல?"

 கீழே அவர்கள் அணியின் பெயரை இரண்டாவது முறையாக அறிவித்தார்கள்.

"ரெண்டு வரைக்கும் சுத்திப் பார்த்துக்கிட்டிருப்பாங்க, கோச். மூணு ஆயிட்டா, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டோம்னு நினைச்சிடுவாங்க."