உத்தரியத்தில் முடிந்த சாவி

இதை எனக்கு முதலில் சொன்னது, எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் லூர்தக்கா. என் மூத்தவள் பேறுகாலத்துக்கு வந்திருந்த மே மாதம், மாதா வணக்கம் முடிந்து நடந்து வருகையில் சொன்னாள்.

"என் வீட்டுக்குள்ளேயே சதி நடக்குது, சிஸ்டர்," என்றாராம் எங்கள் ஊர் மரியசூசை.

சிஸ்டர் ரெஜினா கன்னியர் மடத்தில் கிட்டார் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் படிக்க வந்த மரியசூசைக்கு மகள் வயது. ஆனாலும் குரு குருதானே.

செத்துப்போன தம்பியின் கிட்டார் பரணில் கிடந்தது. மரியசூசை அதை இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயர்ந்த கட்டையை ஒட்டி, வார்னிஷ் அடித்து, புதுக் கம்பி பூட்டினார். சாயங்காலம் சுருதி சேர்த்து வைப்பார். விடிந்து பார்த்தால் கம்பியெல்லாம் இளகிக் கிடக்கும்.

மருமகள் ஜெசிந்தாதான் கம்பித் திருகுகளை இளக்குகிறாள் என்று சாதித்தார். தையில் கல்யாணமாகி வந்தவள். இந்தப் பழங்கட்டைக்கா மாமா இவ்வளவு பாடு என்று ஒருநாள் சிரித்தாளாம். அது போதாதா? ஒன்று அவள் இருக்கணும், இல்லை நான் இருக்கணும் என்று மகனிடம் சொல்லியாகிவிட்டது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே பெட்டி கட்டியது.

சிஸ்டர் கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்து, மடத்து அலமாரியில் வைத்தார்.

மரியசூசை தன் திண்டுக்கல் பூட்டையே கொண்டுவந்து போட்டார். சாவியைக் கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியத்தின் கயிற்றில் முடிந்துகொண்டு போனார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் வந்து திறந்தார். மீட்டினார்.

இளகியிருந்தது.

பூட்டைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார்.

"இந்தப் பூட்டுக்கு உங்ககிட்ட கள்ளச்சாவி ஏதும் இருக்கா, சிஸ்டர்?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். மறுபடியும் சுருதி சேர்த்து, கிட்டாரை அவர் மடியிலேயே வைத்தார். ஒரு மாதா பாட்டு வாசிக்கச் சொன்னார்.

பாட்டு முடியுமுன்னே, அவர் கைக்குள்ளேயே சுருதி இறங்கியது.

"இப்ப யாரு, ஐயா?"

மரியசூசை கழுத்துச் சாவியைத் தடவிப் பார்த்தார்.

"புதுக் கம்பி. பழகுற வரைக்கும் இறங்கத்தான் செய்யும். நாமதான் பொறுத்து ஏத்தணும்."

மரியசூசை கிட்டாரை அப்படியே வைத்துவிட்டு வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் ஆட்டோ நின்றது. ஜெசிந்தா பெட்டியோடு படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் பெட்டியை வாங்கினார். உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

"காப்பி இருக்காம்மா?"

கேட்டவர்கள், இன்றைக்குப் படுக்குமுன் ஜெசிந்தாவுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லுங்கள். மாமாவுக்கும் சேர்த்து.