காயம் படாத சூரியன்

கேளுங்கள். முன்னொரு காலத்தில், நான்கு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் சிலர் வாழ்ந்தார்கள். சூரியன் உச்சியை நெருங்கிய பிறகுதான் அங்கே தெரியும். சாயும் முன்பே மறுபக்க மலைக்குப் பின்னால் போய்விடும். வெள்ளைச் சூரியனைத் தவிர வேறு சூரியனை அவர்கள் கண்டதே இல்லை.

ஒரு கோடையில் அவர்களுடைய சுனை வற்றியது. கைக்குழந்தைக்காரியான கொற்றி, "மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்காம், போகலாம் வாங்க" என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு சமவெளியில் இறங்கினாள்.

அன்று மாலை சூரியன் மஞ்சளானது. பிறகு காவியானது. பிறகு இரத்தமாய்ச் சிவந்து, தரைக்குள் இறங்கி மறைந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

"சூரியனுக்குக் காயம் பட்டிருக்கு," என்றார் பெரியவர் அழும்பன். "நாம ஊரை விட்டு வந்த பாவம். விடிஞ்சதும் திரும்பிடுவோம்."

கொற்றி தோல்பையைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பினால் வற்றிய சுனைதான். அதில் இருந்த தண்ணீர் குழந்தைக்கே போதாது. குழந்தையின் உதடு வெடித்திருந்தது. ஆனால் சூரியன் சிவந்ததை அவளும்தானே பார்த்தாள்? என்ன சொல்லி மறுப்பாள்?

விடிந்தது. எழுந்த சூரியனும் சிவப்பு.  எல்லோரும் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

கொற்றி குழந்தைக்குக் கொஞ்சம் கஞ்சி காய்ச்ச உட்கார்ந்தாள். பச்சை விறகு, ஒரே புகை. அதற்குள் சூரியன் மேலேறி வெளுத்துவிட்டது. பக்கத்திலிருந்த கரும்பாறைக்கு முன்னால் போன புகை நீலமாகத் தெரிந்தது. அதே புகை சூரியனுக்கு நேரே வந்தபோது, சூரியன் சிவந்தது. அகப்பையைப் போட்டுவிட்டு அழும்பனிடம் ஓடினாள்.

"பெரியப்பா, இங்க வந்து நில்லுங்க."

நின்றார். "ஐயோ, மறுபடியும் சிவந்திடுச்சே."

"ஓரடி தள்ளிப் பாருங்க."

தள்ளி நின்றார், வெள்ளை. திரும்பி வந்தார், சிவப்பு. மூன்றாம் முறை யாரும் சொல்லாமலே நகர்ந்து பார்த்தார்.

"சூரியனுக்கு ஒண்ணும் ஆகல பெரியப்பா. நடுவுல இருக்கறதுதான் இப்படிக் காட்டுது. வானத்துலயும் இது மாதிரி ஏதோ பரவிக் கிடக்கு போல. அண்ணாந்து பார்த்தா நீலம். சூரியன் தரையோரம் இருக்கறப்ப அது வழியா ரொம்ப தூரம் பார்க்கறோம், அதான் சிவப்பு."

"அது என்னது?"

"தெரியல பெரியப்பா. தெரியாத ஒண்ணுக்காக என் பிள்ளையைச் சாகக் கொடுக்க மாட்டேன்."

 அழும்பன் தன் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஆறு இருப்பதாகச் சொன்ன திசையில் நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

அன்று மாலை அவர்கள் ஆற்றங்கரை சேர்ந்தபோதும் சூரியன் சிவந்தது. கொற்றிக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் மடியில் இருந்த குழந்தை, சிவந்து கிடந்த ஆற்றுத் தண்ணீரைக் கையால் அடித்து அடித்துக் குடித்துக்கொண்டிருந்தது.

ஆகையால், அச்சம் தருவதைக் கண்டதும் திரும்பி ஓடாமல், நிற்கும் இடத்தை ஓரடி மாற்றிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.