பூவராகனிடம் இருக்கிறது

"அம்மா, எல்லாம் போச்சு" என்றார் பூவராகன்.

அம்மா பதில் சொல்லவில்லை. சொல்லக் குரல் இல்லை. தொண்டையில் வந்த புற்றை எடுக்கும்போது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, மடியில் ஒரு சிலேட்டு. இனி அவ்வளவுதான்.

ஆறுதல் தேடி வருகிற எல்லாருக்குமே அவர் அம்மாதான்; பூவராகன் அவரைவிட வயதில் மூத்தவர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் சொத்துக்கெல்லாம் நகல் வைத்துக் காத்த கை அது. அதனால்தான் அம்மாவின் பேச்சைக் காக்கும் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அம்மா பேசுவார். அறை நிறைய ஆட்கள் கேட்பார்கள். பூவராகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவுக் கருவியில் ஏறி இறங்கும் பச்சை விளக்கின் மேலேயே கண்ணாக இருப்பார்.

சொன்னதை இரண்டாம் தடவை சொல்லும் வழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. யாராவது "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே கையை நீட்டிப் பூவராகனைக் காட்டுவார். அவரிடம் இருக்கிறது, போய்க் கேட்டுக்கொள் என்று அர்த்தம்.

அந்த விரல் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் பூவராகன் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்.

வேறு யாரும் செல்போனில் பதிவு செய்யக் கூடாது என்பது அவராகப் போட்ட சட்டம்.

"ஆளாளுக்குப் பிடிச்சா அம்மா பேச்சு தெருத்தெருவா அலையும். அணைச்சு வைங்க. என்கிட்ட பத்திரமா இருக்கு."

பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். வீட்டில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நடந்த உபசாரம் தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. தினமும் தூசி தட்டுவார். வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பார். பேரப்பிள்ளைகளை அண்ட விடமாட்டார். தேடி அலையாமல் இருக்க, ஒவ்வொரு வருஷத்துப் பேச்சையும் தட்டினால் திறக்கும்படி மருமகன் திரையிலேயே வைத்துக் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து, திரையில் தெரிகிற அவ்வளவையும் ஒரு தனி டிஸ்கில் நகல் எடுப்பார். எடுத்ததும் டிஸ்கிலிருந்து ஒரு பேச்சைத் திறந்தும் பார்ப்பார். அம்மாவின் குரல் வரும். ஒரு வரி கேட்டதும் திருப்தியாக மூடிவிடுவார்.

"முழுசாத்தான் கேளுங்களேன்" என்பாள் மனைவி கோமளம்.

"கேக்கத்தானே போறேன். எங்க ஓடிப்போகுது?"

போன வாரம் மழையில் இடி இறங்கிக் கம்ப்யூட்டர் கருகியது. பூவராகன் அசரவில்லை. கருகிய பெட்டியையும் டிஸ்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடைக்காரர் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். வருஷவாரியாக எல்லாப் பெயரும் வரிசையாக வந்தது. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை.

"சார், ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கு பாருங்க."

"அது எப்பவும் இருக்குமே."

"இது ஷார்ட்கட் சார். பேச்சு இதுல இல்ல. பேச்சு எங்க இருக்குன்னு கைகாட்டும், அவ்வளவுதான். நீங்க வீட்டுல திறந்து பார்த்தப்போ, வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்த பேச்சுதான் ஓடியிருக்கு."

"அப்ப அதுல இருக்கிறதை எடுங்க."

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

பதிவுக் கருவியில் இருந்ததை அடுத்த பேச்சுக்கு இடம் வேண்டும் என்று அவ்வப்போது பூவராகனே அழித்திருந்தார்.

இதையெல்லாம் அவர் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். சொல்லும்போது பக்கத்தில் தெய்வானையும் உட்கார்ந்திருந்தாள்.

தெய்வானை பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவன் போனதற்கு அடுத்த ஞாயிறு அம்மா அவளுக்காகவே பேசினார். அந்தப் பேச்சின் பதிவைத் தரச் சொல்லிப் பலமுறை பூவராகன் வீட்டுப் படி ஏறியிருந்தாள். "எல்லாருக்கும் மொத்தமாத் தர்றேன்மா, அவசரப்படாத" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அன்னைக்கு அழுதுக்கிட்டே இருந்தேன் சார்" என்றாள் தெய்வானை. "ஒரு வார்த்தை காதுல ஏறல. போனை எடுத்தேன், நீங்கதான் அணைக்கச் சொன்னீங்க. சரி, சார்கிட்ட இருக்கு, அழுது முடிச்சதும் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

பூவராகனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செத்துவிடலாம் போல இருந்தது.

அம்மா சிலேட்டில் எழுதிக் காட்டினார்: அன்று என்ன பேசினேன்?

"ஆடி மாசம்மா. ரெண்டாவது ஞாயிறு. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல வரும். நடுவுல ஃபேன் இரைச்சல் வந்துச்சு, நான்தான் எந்திரிச்சுப் போய் அணைச்சேன்."

அம்மா எழுதிய வரியை விரலால் தட்டினார்.

"துக்கத்தைப் பத்திம்மா."

மறுபடியும் தட்டினார்.

தெய்வானை பூவராகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நினைவைத் துழாவினார். ஃபேன் இரைச்சல்தான் வந்தது.

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்கம்மா, அவளுக்கு."

அம்மா எழுதினார்: அவள் அழுகையைப் பார்த்து வந்த பேச்சு. எனக்கே நினைவில்லை.

தெய்வானை எழுந்தாள். யாரையும் திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பூவராகன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நான் என்ன பண்ணட்டும்? ஏதாவது சொல்லுங்கம்மா."

அம்மா சிலேட்டைக் கவிழ்த்துக் கீழே வைத்தார். அவரை நேராகப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

பூவராகனின் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்க விளக்கும் இல்லை. உடம்பெல்லாம் காதாக உட்கார்ந்து கேட்டார். கழுத்துத் துணிக்குப் பின்னால் மூச்சு இரைவது மட்டும் கேட்டது. அம்மா நெடுநேரம் பேசினார். நடுவில் ஓரிடத்தில் அவர் கண் கலங்கியது.

உதடுகள் நின்றன.

"புரியலம்மா" என்று அழுதார் பூவராகன். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அம்மா சிரிக்கவில்லை. பழையபடி கையை நீட்டிப் பூவராகனைக் காட்டினார்.