நத்தக்குளத்துக் கீரை

மடத்துக்கு வந்த ஏழு வருஷத்தில் வைத்தியலிங்கம் கேட்காத கேள்வி இல்லை. அன்று காலையில் அவர் கேட்டது இது.

"அம்மா, மனசுல சேருற அழுக்கை எங்கே கொண்டு போய்ப் போடுறது?"

ஞானாம்பாள் அம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தின் நிர்வாகம் முழுக்க அவர் கையில்.

"மடத்துக் குப்பையை எங்கே போடுறீங்க?"

"டிராக்டர் வந்து எடுத்துட்டுப் போயிரும்மா."

"எங்கே?"

"வெளியே."

"வெளியேன்னா?"

வைத்தியலிங்கத்துக்குத் தெரியவில்லை. ஏழு வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்குப் பக்கத்தில் நின்று குப்பையை ஏற்றிவிடுகிற மனிதருக்கு அது எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை. தெரியாததில் வெட்கமும் இல்லை. அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியும்? தெருவைத் தாண்டிவிட்டால் போதும், எவன் தலையில் விழுந்தால் என்ன!

"பார்த்துட்டு வந்து சொல்லுங்க. மனசைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார் அம்மை. "அது சரி, நாலு மாசமா பந்தியில கீரை இல்லையே, ஏன்?"

"நத்தக்குளத்துல இருந்து மாடத்தின்னு ஒரு அம்மா கொண்டு வருவாங்க. நான்தான் நிறுத்திட்டேன். அங்கே குப்பைமேட்டுப் பக்கத்துல விளையுதாம். சாமிக்குப் படைக்கிற சமையல்ல அதைச் சேர்க்கலாமா? சுத்தம் இல்லையேம்மா."

அம்மையின் கையில் முறம் நின்றது.

மறுநாள் எட்டு மணிக்கு டிராக்டர் கிளம்பியதும் வைத்தியலிங்கம் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாண்டு தாண்டி, அரிசி ஆலை தாண்டி, கல்லறைத் தோட்டம் தாண்டி டிராக்டர் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு குளத்துக்கரையில் ஏறி நின்றது. கரையில் சாய்ந்து கிடந்த பொதுப்பணித் துறைப் பலகையைப் படித்தார். நத்தக்குளம்.

குளம் என்று பலகைதான் சொல்லியது. உள்ளே பாதிக்குக் குப்பை. ஊரே திரண்டு வந்து கொட்டியது போல மேடு மேடாகக் கிடந்தது. நடுவில் எங்கோ புகைந்துகொண்டிருந்தது. வைத்தியலிங்கம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். டிராக்டர்காரர் பின்பெட்டியைத் தூக்கினார். நேற்றைய அன்னதான இலைகள் சரிந்து விழுந்தன. வாழையிலை இல்லை. வாழையிலை மாதிரியே பச்சையடித்த பிளாஸ்டிக் தாள். நறுக்கத் தேவையில்லை, கழுவத் தேவையில்லை என்று பார்த்துப் பார்த்து வாங்கியவர் அவர்தான்.

"வாங்க அண்ணாச்சி" என்று கரைக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது. "கீரை வேண்டாம்னு சொன்னவுக தேடி வந்திருக்கியளே!"

மாடத்தி இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பின்னால் அவருடைய அரைக்காணி நிலம். அதில் ஒரே ஒரு பாத்தி மட்டும் பச்சையாக இருந்தது. மற்ற ஆறும் உப்புப் பூத்து வெடித்துக் கிடந்தன.

"கிணறு இருக்கில்லையா?" என்றார் வைத்தியலிங்கம். கேட்பதற்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மாடத்தி வாளியை இறக்கி ஒரு வாளி இறைத்து அவர் முன்னால் வைத்தார். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மேலே நுரை.

"கொளம் பெருகினா எங்க கெணறு தானா ஊறும். இப்பமும் ஊறத்தான் செய்யுது. என்ன ஊறுதுன்னு பாருங்க."

"அப்போ இந்தப் பாத்திக்கு?"

"தெருக்குழாய்ல இருந்து சொமக்கேன். ஒரு நாளைக்கு முப்பது குடம். நீங்க குடிக்கிற அதே தண்ணிதான் அண்ணாச்சி. அதுல வெளைஞ்ச கீரையைத்தான் சுத்தமில்லன்னு திருப்பி அனுப்புனிய."

வைத்தியலிங்கம் அந்த ஒற்றைப் பச்சைப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க நிறுத்தினதும் ஓட்டல்காரரும் நிறுத்திட்டாரு. மடமே வேண்டாம்னுட்டுதே, எனக்கு என்னத்துக்குன்னாரு. நாளன்னைக்குக் கழிச்சு வெள்ளிக்கிழமை பத்திரம். குப்பைக் குத்தகை எடுத்தவரேதான் நெலத்தைக் கேக்காரு. இங்கயும் கொட்டணுமாம். கெணறும் போச்சு, கீரையும் போணியாகல. இனி எதை வச்சு நான் முடியாதுன்னு சொல்ல?"

வேலிமுள்ளில் ஒரு சின்னப் பாக்கெட் மாட்டிக்கொண்டு காற்றில் அடித்தது. மாடத்தி அதை எடுத்து, துடைத்து, வரப்பில் இருந்த பெயிண்ட் டப்பாவுக்குள் போட்டார். டப்பாவில் அதே பாக்கெட்டுகள் கழுத்துவரை இருந்தன. மடத்து விபூதிப் பாக்கெட். ஒவ்வொன்றிலும் மடத்தை நிறுவிய சாமிகளின் படம்.

"தெனமும் பறந்து வந்து பாத்தியில விழுது. சாமி படமாச்சே, மிதிக்க மனசு வரல" என்றார் மாடத்தி.

திரும்பி வந்து நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் அம்மையிடம் சொன்னார் வைத்தியலிங்கம். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை.

"என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"பாவம்மா அவங்க. வியாழக்கிழமை குருபூஜையில கூப்பிட்டு ஒரு சேலை எடுத்துக் கொடுத்துருவோம். கீரையும் மறுபடி வாங்கிக்குவோம்."

"குப்பை?"

"குருபூஜை முடியட்டும்மா. ரெண்டாயிரம் இலை விழும். இந்த நேரத்துல டிராக்டரை நிறுத்தினா மடம் நாறிப் போயிரும்."

நல்ல மனிதர்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். இப்படிப்பட்ட நல்லவர்கள் ஊர் முழுக்க இருந்துதான் அந்தக் குளம் தூர்ந்தது.

"சரி. மாடத்தியை நான் வரச் சொன்னேன்னு சொல்லிடுங்க" என்றார் அம்மை.

குருபூஜையன்று மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. கழுவித் துடைத்த தரையில் கோலம். அம்மை மாடத்தியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். அடுத்த நாள் நிலத்தை எழுதிக் கொடுக்கப் போகிறவர், புதுச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு பந்திகள் முடிந்தன. பின்வாசலில் இலைகளை ஏற்றிக்கொண்டு டிராக்டர் கிளம்பத் தயாரானது. அம்மை தானே போய் டிராக்டர்காரரிடம் என்னவோ சொன்னார். அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். பிறகு வண்டி மடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தது. பின்பக்கமாக மண்டபத்துக்குள் நுழைந்தது. பெட்டி மேலே எழும்பியது.

சோறும் சாம்பாரும் வழிய ஆயிரம் பிளாஸ்டிக் இலைகள் கோலத்தின் மேல் சரிந்தன.

கூட்டம் எழுந்து ஓடியது. ஒருவர் சிவ சிவா என்று காதைப் பொத்தினார். ஒரு அம்மாள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிராக்டர்காரரைக் கண்டபடி திட்டினார். ஈ மொய்க்க ஆரம்பித்தது. மாடத்தி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவருக்கு இது பழக்கம்.

சமையற்கட்டிலிருந்து வைத்தியலிங்கம் ஓடி வந்தார்.

"அம்மா! பூஜை நடக்குற இடம்மா இது! மனுஷங்க உட்கார்ந்து சாப்பிடுற இடம்! இங்கே போய்க் குப்பையைக் கொட்டலாமா? முதல்ல இதை எடுக்கச் சொல்லுங்கம்மா!"

"எடுத்துரலாம்" என்றார் அம்மை, மாடத்தியைக் காட்டி. "எங்கே கொண்டு போய்க் கொட்டட்டும்னு இவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

மாடத்தி தலையை நிமிர்த்தி வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தவர் வாயைத் திறந்தார். கேள்வி வரவில்லை.