பொட்டலில் ஒரு சதுரம்

“மேடம், எனக்கு மட்டும் ஏன் இந்தப் பொட்டல்?”

கேட்டவர் வயிரவன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘இந்த வயசில் செடி ஆராய்ச்சியா?’ என்று சொந்தக்காரர்கள் சிரித்ததைப் பொருட்படுத்தாமல் மாணவராகச் சேர்ந்தவர். பாடம் சொல்லிக் கொடுக்கும் ஜெசிந்தா அவருடைய மகளைவிடச் சின்னவர்.

ஜெசிந்தா பிளாஸ்கைத் திறந்து இருவருக்கும் தேநீர் ஊற்றினார்.

“கூடப் படிக்கிற அஸ்மாவுக்குக் கண்மாய்க் கரை. வண்டல் மண்ணு, வெண்ணெய் மாதிரி. எனக்குச் செம்புறாங்கல்லு. மண்வெட்டி போட்டா தீப்பொறி பறக்குது. இதுல எந்தச் செடியை எண்ணி நான் எதை எழுத? சொந்தக்காரங்க சிரிச்சது சரின்னு ஆயிடும்.”

“அப்ப இடத்தை மாத்திக்குங்க, ஐயா.”

இவ்வளவு சுலபமா? வயிரவனுக்கு நம்ப முடியவில்லை.

“அதுக்கு முன்னாடி கண்மாய்ல ஒரு தடவை சட்டத்தை வீசி எண்ணிட்டு வாங்க. இங்கயும் ஒரு தடவை. அப்புறம் மாத்திடுவோம்.”

சட்டம் என்றால் நான்கு குச்சிகளைக் கட்டிய சதுரம். கண்ணை மூடி வீச வேண்டும். விழுந்த இடத்துக்குள் எத்தனை வகைச் செடி என்று எண்ண வேண்டும். வயிரவன் ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்துக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கண்மாய்க் கரையில் ஆளுயரத்துக்குப் பச்சை. ஆசையாகப் போனவர் முகம் சுருங்கித் திரும்பி வந்தார்.

“சம்பங்கோரை.”

“அப்புறம்?”

“அப்புறமும் சம்பங்கோரைதான். வேற எதையும் தலையெடுக்க விடல. அவ்வளவு நல்ல மண்ணுல ஏன் மேடம் இப்படி?”

“கோரையைத்தான் கேக்கணும். இங்க வீசுங்க.”

வீசினார். சட்டம் சரளையில் விழுந்தது. எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல.”

“நின்னுக்கிட்டா பாப்பீங்க?” ஜெசிந்தா தன் கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார்.

முனகிக்கொண்டே முழங்காலை ஊன்றினார். பிறகு குப்புறப் படுத்தேவிட்டார். முந்தின நாள் மழையின் ஈரம் சட்டையில் ஏறியது.

“விஷ்ணுகிரந்தி,” என்றார்.

லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தினார்.

“சிறுபுள்ளடி. இது ஏதோ புல்லு, நகத்தளவுகூட இல்ல. அதுக்குக் கீழ இன்னொரு புல்லு, அது வேற வகை. மேடம், பூச்சி பிடிக்கிற செடி இருக்கு. இலையில ஒரு எறும்பு ஒட்டிக்கிட்டிருக்கு.”

அவருக்குச் சிரிப்பு தானாக வந்தது. இந்தக் கல்லுக்குள் இத்தனை பேர் நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்களே என்று சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போனது.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றார்.

“அஸ்மாகிட்ட சொல்லிடவா, ஐயா? இடம் மாத்தணும்னு?”

வயிரவன் தலையைத் தூக்கவில்லை.

“மேடம், அந்தக் காலைக் கொஞ்சம் எடுங்க. பூவை மிதிக்கிறீங்க.”