‘விழு’வுக்கு விழுந்த தடை

முன்னொரு காலத்தில் செம்மலை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ரோஷம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு தேர்த் திருநாளன்று, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, யானையிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கித் தொப்பென்று விழுந்துவிட்டார்.

மறுநாளே முரசு கொட்டினார்கள். “இன்று முதல் ‘விழு’ என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லக்கூடாது! சொன்னவர்கள் நாடு கடத்தப்படுவார்கள்!”

ஜனங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தேங்காய் மரத்திலிருந்து ‘இறங்கியது’. கிழவர்களுக்குப் பல் ‘விடைபெற்றது’. அமைச்சர் நல்லாதனார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், ராஜா கேட்கவில்லை.

அமைச்சர் பதவிமேல் கண் வைத்திருந்த கார்வண்ணன் என்ற சபையோனுக்கு இது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. தெருத்தெருவாக ஒட்டுக்கேட்டு அலைந்தான். ஒருநாள், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணைச் சபைக்கு இழுத்து வந்தான். யானைப்பாகன் மனைவி மருதாயி. குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

“மகாராஜா, இவள் தடைசெய்த சொல்லைச் சொன்னாள்! இன்றே எல்லைக்கு வெளியே அனுப்புங்கள்.”

“உண்மையா பெண்ணே?” என்றார் ராஜா.

மருதாயி குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “பிள்ளைக்குத் தொப்புள்கொடி உதிர்ந்துச்சு சாமி. சந்தோஷத்துல எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னப்போ அந்த வார்த்தை வந்துடுச்சு.”

நல்லாதனார் எழுந்தார். “அரசே, சாட்சியைச் சற்று விசாரிக்கலாமா?”

“கேளும்.”

“கார்வண்ணரே, இவள் சொன்னதை நேரில் பார்த்தீரா?”

“இல்லை, நடுவில் சுவர் இருந்தது.”

“பார்க்கவே இல்லை. அப்புறம் இவள்தான் சொன்னாள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்? அளக்கிறீர் போலிருக்கிறதே!”

கார்வண்ணனுக்குச் சுருக்கென்றது. “நானா அளக்கிறேன்? கணீரென்று கத்தினாள் ஐயா! என் இரண்டு காதிலும் தெளிவாக விழுந்தது!”

கார்வண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

“இப்போது இரண்டு பேரை நாடு கடத்த வேண்டும் அரசே,” என்றார் அமைச்சர் அமைதியாக.

ராஜா சிரிக்கவில்லை. “உங்களுக்கெல்லாம் இது விளையாட்டு. அன்று ஊரே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.”

“யாரும் சிரிக்கலை சாமி,” என்றாள் மருதாயி. “வயித்துல பிள்ளையோட நானும் அங்கதான் நின்னேன். ராசாவுக்கு என்ன ஆச்சோன்னு ஜனங்க விழுந்தடிச்சு ஓடியாந்தாங்க. காவக்காரங்கதான் கிட்ட விடலை.”

தடைசெய்த சொல் மறுபடியும் வந்துவிட்டதை அவள் கவனிக்கவேயில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு கேட்டாள்: “முட்டியிலதான அடிபட்டுச்சு? இப்ப எப்படி இருக்கு சாமி?”

ராஜாவின் கை தானாக முட்டிக்குப் போயிற்று. அவர் விழுந்து இரண்டு மாதமாயிற்று. தடைக்குப் பயந்து வைத்தியர்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வலியை யாருக்கும் காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

“வலிக்குதம்மா,” என்றார் மெதுவாக. “படி ஏறவே முடியவில்லை.”

“அப்ப ஏன் சாமி நிமிந்து நிமிந்து நடக்கிறீங்க?”

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. தடையை அங்கேயே நீக்கினார். அதை ஊரெங்கும் முரசு கொட்டிச் சொல்லும் வேலை கார்வண்ணனுக்கு. “தெருவுக்கு ஒன்பது தடவை ‘விழு’ என்று சொல்ல வேண்டும், எல்லார் காதிலும் விழும்படி!” மருதாயி வீட்டுக்குக் கன்றோடு ஒரு கறவைப் பசு போயிற்று. நல்லாதனாருக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

அன்று சபை கலைந்தபோது, ராஜா அமைச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டித்தான் படியிறங்கினார். யாரும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.