வேலியோரம் தொடங்கிய சுற்று

சென்னியப்பன் வாத்தியார் ஆசிரமத்துக்கு வந்து மூன்று வருடம். வந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரே கேள்விதான்.

"எம் மக ஏனம்மா அப்படிப் பண்ணுனா? நான் ஒரு நாளும் அவளைக் கை நீட்டி அடிச்சதில்லீங்க."

ஆசிரமத்தை நடத்தும் தெய்வானையம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் காட்டில் மாடுகளோடு வளர்ந்தவர். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார்.

"சாப்பிட்டீங்களா வாத்தியாரய்யா?" என்பார்.

வாத்தியாருக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். மகள் வெண்ணிலா பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் மனிதர் மகளை மூடினார். முதலில் கல்லூரி நின்றது. பிறகு செல்போன் பீரோவுக்குள் போனது. தோழி வருவது நின்றது. கடைசியில் வெள்ளிக்கிழமைக் கோயிலும் நின்றது. ஒரு அதட்டல் கிடையாது, எல்லாம் அன்பாகவே நடந்தது. ஒரு நாள் காலையில் தோட்டத்துக் கிணற்று மேட்டில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது.

"பிடிக்கலைன்னா ஓடியாவது போயிருக்கலாமுங்களே!" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் செத்துப்போன மகள்மேல் கோபம்தான் இருக்கும்.

அந்த வருடம் நல்ல மழை. ஆசிரமத்து மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நின்றது. தை பிறந்ததும் மாடுகளுக்கு வெட்டிக் காயவைக்கும் வேலையை அம்மா வாத்தியாரிடம் கொடுத்தார். டிராக்டருக்குப் பின்னால் புல்வெட்டியைத் தானே மாட்டினார்.

"கத்தி தீட்டியாச்சு. தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டுங்க, இல்லீன்னா மறுபடி துளுக்காது. வண்டி மெதுவாப் போகட்டும், கத்தி வேகமாச் சுத்தட்டும்."

"சரிங்கம்மா."

"நடுக்காட்டுல ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி வேலிப் பக்கமா வெளிய வாங்க."

மற்ற எல்லாவற்றையும் வாத்தியார் அப்படியே செய்தார். கடைசியாகச் சொன்னது மட்டும் அவருக்குச் சரிப்படவில்லை. நடுவில் ஆரம்பித்தால் கோணல்மாணலாகத்தானே வரும்? கிளுவைச் செடி வேலியை ஒட்டி முதல் சுற்றைப் போட்டார். அதை ஒட்டி அடுத்தது. நோட்டில் கோடு போட்டது போல ஒவ்வொரு சுற்றும் சுத்தமாக விழுந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

உச்சிப்பொழுதில் நடுக்காட்டில் ஒரு களத்தளவு புல்தான் மிச்சம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மொட்டை வெளி. மேலே இரண்டு பருந்துகள் வட்டமிட்டன. மிச்சமிருந்த புல் அங்கங்கே அசைந்தது. வேலியில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்றுதான் என்று நினைத்துக்கொண்டு வண்டியை உள்ளே விட்டார்.

கத்தியின் சத்தம் மாறியது.

தெய்வானையம்மா சோற்றுத் தூக்கோடு வந்தபோது டிராக்டர் நின்றிருந்தது. வாத்தியார் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பறக்கத் தெரியாத கௌதாரிக் குஞ்சுகள், ஒரு முயல், அதன் குட்டிகள். அடையாளம் தெரிந்தவை அவ்வளவுதான்.

அம்மா தூக்கைக் கீழே வைத்தார். "நான் கூடவே நின்னிருக்கணும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டார்.

"நான் மெதுவாத்தானுங்கம்மா வந்தேன்," என்றார் வாத்தியார். "காலையிலிருந்து சத்தம் கேட்டிருக்குமில்லீங்களா? சுத்தியும் வேலி இருக்குது, பொதர் இருக்குது. கண்ணுக்குத் தெரியற தூரந்தானே? ஓடியாவது போயிருக்கலாமுங்க..."

வாய் பாதியில் நின்றுவிட்டது.

அம்மா நிமிர்ந்தார். வேலிவரைக்கும் சுத்தமாக வெட்டிக் கிடந்த காட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார்.

"எந்தப் பக்கமுங்க விட்டு வெச்சிருந்தீங்க?"